வெளிச்சத்தால் புற்றுநோய் குணமாகுமா?

"வெளிச்சத்தால் புற்றுநோய்க்கு சிகிச்சை" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் உள்ளே போய்ப் படிக்கத் தோன்றாது? கீமோதெரபி என்றால் முடி கொட்டும், கதிர்வீச்சு என்றால் பயம். வெளிச்சம் அப்படியா? பகலில் எல்லோர் மேலும் விழுவதுதானே! அதனால்தான் இந்த சிகிச்சையைப் பற்றிய செய்திகள் வேகமாகப் பரவுகின்றன. முக்கியமாக மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தவர்களின் குடும்பங்களில்.

இது கட்டுக்கதை இல்லை. நிஜமான சிகிச்சை. ஃபோட்டோடைனமிக் தெரபி என்று பெயர். தமிழில் ஒளி சிகிச்சை என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நல்ல டாக்டர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். நல்ல ரிசல்ட் வந்ததாக கட்டுரைகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த நல்ல எண்களைப் பார்த்து ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைக்கலாமா? அங்கேதான் சிக்கல். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றி

நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்று ஒரு மெல்லிய உறை இருக்கிறது. இரண்டு அடுக்கு. ஒன்று நுரையீரலை ஒட்டியிருக்கும், இன்னொன்று மார்புக்கூட்டின் உள்பக்கத்தை ஒட்டியிருக்கும். நடுவில் கொஞ்சம் திரவம். மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்குவதற்காக இந்த ஏற்பாடு. இந்த உறையில் வருகிற புற்றுநோய்தான் மீசோதீலியோமா. நுரையீரலுக்கு உள்ளே வரும் சாதாரண நுரையீரல் புற்றுநோய் வேறு, இது வேறு. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

இதற்கு முக்கிய காரணம் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போய் தங்கிவிடுகின்றன. நோய் உடனே வராது. 20 வருடம், 30 வருடம், சில சமயம் 50 வருடம் கழித்துக்கூட வரும். இளம் வயதில் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தவருக்கு பேரன் பேத்தி எடுத்த பிறகு மூச்சு வாங்கும். நெஞ்சில் நீர் கோத்திருக்கும். அப்புறம்தான் தெரியவரும்.

1960ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 33 நோயாளிகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்குமே வடமேற்கு கேப் பகுதியின் நீல ஆஸ்பெஸ்டாஸோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, சுரங்கம் இருந்த ஊரில் சின்ன வயதில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்த நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள உறவை யாராலும் மூடி மறைக்க முடியவில்லை.

2020ம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி சுமார் 30,000 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. அதே ஆண்டில் சுமார் 26,000 பேர் இறந்தார்கள். இரண்டு எண்ணும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள்! இந்த நோய் எவ்வளவு மோசம் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? மற்ற பல புற்றுநோய்கள் கட்டியாக இருக்கும். சர்ஜன் கட்டியையும் சுற்றி கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுவார். மீசோதீலியோமா அப்படி இல்லை. குளத்துச் சுவரில் பாசி படர்வது போல உறை முழுக்க படர்கிறது. பக்கத்தில் இதயம், பெரிய ரத்தக்குழாய்கள், உதரவிதானம். சுற்றி நல்ல சதையை சேர்த்து வெட்ட இடமே இல்லை. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஒரு படலமாக மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத்தான் சிலர் வெளிச்சத்தை பதிலாக வைத்தார்கள்.

வெளிச்சம் மருந்தானது எப்படி?

கதை 1900ல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் ஆரம்பிக்கிறது. ஆஸ்கார் ராப் என்ற மாணவர் அக்ரிடின் என்ற சாயத்தில் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியை வைத்து சோதனை செய்துகொண்டிருந்தார். ஒரே சாயம், ஒரே அளவு. ஆனால் சில நாள் உயிரிகள் சீக்கிரம் செத்தன, சில நாள் பிழைத்தன. காரணம் என்னவென்று தேடியபோது வெளிச்சம் என்று தெரிந்தது. சாயம் மட்டும் கொல்லவில்லை. வெளிச்சம் மட்டும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கொன்றது. அவருடைய பேராசிரியர் டாப்பைனர் இதை மேலும் ஆராய்ந்தார். இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்று கண்டுபிடித்து "ஒளி இயக்க விளைவு" என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

அதே காலத்தில், 1903ல், டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்ததற்காக நோபல் பரிசு வாங்கினார். 1912ல் இன்னொரு ஜெர்மன் டாக்டர், மேயர் பெட்ஸ், ஹெமட்டோபார்ஃபிரின் என்ற சாயத்தை தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டார். வெயிலில் போனதும் உடம்பும் முகமும் வீங்கிவிட்டன. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இந்த சாயம் உடம்பில் தங்கும், வெளிச்சம் பட்டால் வேலை காட்டும் என்று உலகத்துக்கு நிரூபித்துவிட்டார்!

1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் தாமஸ் டோஹர்ட்டி என்ற வேதியியலாளர் இதை மனிதர்களுக்கான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். அதிலிருந்து வந்த மருந்துதான் ஃபோட்டோஃப்ரின். 1993ல் கனடா சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கு அனுமதித்தது. 1995ல் அமெரிக்கா உணவுக்குழாய் புற்றுநோய்க்கும், 1998ல் மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் அனுமதித்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1998ல் அனுமதி கிடைத்தது மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் புற்றுநோய்க்கு. வாய் வழியாக குழாய் விட்டு வெளிச்சம் காட்டும் சிகிச்சை அது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கு அந்த அனுமதி கிடையாது. ஆனால் சில செய்திகளில் இரண்டையும் கலக்கி, நுரையீரலுக்கு ஏற்கனவே அனுமதி இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது என்ன?

ஃபோட்டோஃப்ரின் ஊசி போட்டதும் அது உடம்பு முழுக்கப் போகிறது. புற்றுநோய் செல்களில் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது. அதன் மேல் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் மருந்து அந்த சக்தியை வாங்கி பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் முரட்டு ஆக்சிஜனாக மாறி செல்லை சிதைக்கிறது. அதன் ஆயுள் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட கிடையாது. அதற்குள் ரொம்ப தூரம் போக முடியாது. அதனால் எங்கே வெளிச்சம் பட்டதோ அங்கே மட்டும்தான் வேலை.

சிவப்பு ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். பெரிய கட்டியாக இருந்தால் இது பெரிய குறை. ஆனால் நுரையீரல் உறையில் இதுவே வசதி! சர்ஜன் எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிச்சம் இருப்பது மெல்லிய படலம்தானே. மேலோட்டமாகப் போகும் வெளிச்சம் அந்தப் படலத்தைக் கொல்லும், ஆழத்தில் இருக்கும் உறுப்பை ஒப்பீட்டளவில் விட்டுவிடும். யோசனை உண்மையிலேயே அழகானது. பாராட்டாமல் இருக்க முடியாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஃப்ரீட்பெர்க் என்ற சர்ஜனின் குழு இதை செய்த விதம் இப்படி. ஆபரேஷனுக்கு ஒரு நாள் முன்னால் நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிகிராம் வீதம் ஃபோட்டோஃப்ரின் ஊசி. மறுநாள் மார்பைத் திறந்து நோய் படர்ந்த உறையை உரித்து எடுக்கிறார்கள். பல மணி நேர வேலை. முடிந்தவரை நுரையீரலை எடுக்காமல் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பிறகுதான் வெளிச்சம். மார்புக்குள் ஏழு இடத்தில் ஒளியை அளக்கும் சின்ன உணரிகளை வைக்கிறார்கள். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவ நீர்த்த கொழுப்புக் கரைசலால் மார்பை நிரப்புகிறார்கள், பார்க்க தண்ணீர் கலந்த பால் போல இருக்கும். ஒவ்வொரு உணரியும் சதுர சென்டிமீட்டருக்கு 60 ஜூல் காட்டும் வரை வெளிச்சம் காட்டப்படுகிறது.

ஆக, வெளிச்சம் என்பது இந்த சிகிச்சையின் கடைசிக் கட்டம் மட்டும்தான். அதற்கு முன்னால் மனித உடம்பு தாங்கக்கூடிய மிகப் பெரிய ஆபரேஷன்களில் ஒன்று நடந்திருக்கிறது. "ஒளி சிகிச்சை" என்ற பெயரைக் கேட்டால் இது மனதில் வருமா?

அதற்குப் பிறகும் முடியவில்லை. மருந்து தோலிலும் தங்கியிருப்பதால் சுமார் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை வெயிலில் வர முடியாது. சன்ஸ்க்ரீன் தடவினால் பிரயோஜனம் இல்லை. ஏனென்றால் அது தடுப்பது புற ஊதாக் கதிரை. இங்கே பிரச்சினை சாதாரண வெளிச்சம். முழுக்கை சட்டை, கையுறை, தொப்பி, கருப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டும்.

36 பெரிதா, 18 பெரிதா?

இப்போது எண்களுக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான இடம்.

ஃப்ரீட்பெர்க் குழு 2012ல் 38 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. இடைநிலை ஆயுள் 31.7 மாதம். இடைநிலை என்றால் புள்ளியியல் பாடத்தில் படிப்பதேதான். பாதிப் பேர் அதற்கு முன்னால் இறந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள். 2017ல் 90 பேரின் முடிவு வந்தது. இவர்கள் எல்லோரும் எபிதீலியாய்ட் என்ற வகை. இடைநிலை ஆயுள் 3 வருடம், அதாவது 36 மாதம். நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவாத 19 பேரை மட்டும் எடுத்தால் 7.3 வருடம்! மீசோதீலியோமாவில் ஏழு வருடம் என்பது யாரும் எதிர்பார்க்காத எண்.

இப்போது இன்னொரு பக்கம். 2003ல் பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்தின் ஆய்வு வந்தது. 400க்கும் மேற்பட்ட நோயாளிகள். பழைய மருந்து மட்டும் கொடுத்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 9.3 மாதம், புது மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 12.1 மாதம். மூன்று மாதம்கூட கூடவில்லை. அடுத்து நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோய் எதிர்ப்பு மருந்துகள். 605 நோயாளிகள். கீமோவில் 14.1 மாதம், இந்த ஜோடியில் 18.1 மாதம். 2020 அக்டோபரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது.

36 எங்கே, 18 எங்கே! அப்புறம் ஏன் டாக்டர்கள் 18 மாத மருந்தைக் கையில் எடுக்கிறார்கள்? 36 மாத வெளிச்சத்தை ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை? மருந்துக் கம்பெனிகளின் சதி என்று உடனே சிலர் சொல்வார்கள். சதி தேவையே இல்லை. பதில் ரொம்ப எளிமையானது. 18க்குப் பக்கத்தில் 14.1 என்று ஒரு எண் இருக்கிறது. 36க்குப் பக்கத்தில் எந்த எண்ணும் இல்லை.

ஒரு கம்பெனி "இந்த வருடம் லாபம் 36 கோடி" என்று விளம்பரம் செய்தால் காமர்ஸ் மாணவர் என்ன கேட்பார்? போன வருடம் எவ்வளவு? அதே தொழிலில் இருக்கும் மற்ற கம்பெனிகளுக்கு எவ்வளவு? பேலன்ஸ் ஷீட்டில் போன வருட எண்ணுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பது சும்மா அழகுக்கு இல்லை. ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் 36 என்பது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சிகிச்சையில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் இந்த 90 பேர் எப்படிப்பட்டவர்கள்? பெரிய ஆபரேஷனைத் தாங்கும் அளவுக்கு இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தவர்கள். எபிதீலியாய்ட் வகை, அதாவது எந்த சிகிச்சை செய்தாலும் மற்ற வகைகளைவிட அதிக நாள் இருக்கக்கூடிய வகை. அவர்கள் வெளிச்சத்தால் அதிக நாள் இருந்தார்களா, அல்லது அதிக நாள் இருக்கக்கூடியவர்களுக்குத்தான் வெளிச்சம் கொடுக்கப்பட்டதா? 36 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

வெளிச்சமும் இருட்டும் மோதிய ஒரு தடவை

ஒப்பீடு செய்து பார்த்ததே இல்லையா என்றால், செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹார்வி பாஸ் என்ற சர்ஜனும் அவருடைய குழுவும் செய்து 1997ல் வெளியிட்டார்கள். 63 நோயாளிகள். யாருக்கு வெளிச்சம், யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் முடிவானது. எல்லோருக்கும் ஆபரேஷன், அதற்குப் பிறகு மருந்து. ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம்.

முடிவு? இரண்டு பக்கமும் இடைநிலை ஆயுள் சுமார் 14 மாதம். வித்தியாசம் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 63 பேரில் 15 பேருக்கு கட்டியை தேவையான அளவு எடுக்க முடியவில்லை. அவர்களுடைய இடைநிலை ஆயுள் 7.2 மாதம். எடுக்க முடிந்த 48 பேருக்கு 14 மாதம். அதாவது ஒருவருக்கும் வெளிச்சம் காட்டுவதற்கு முன்பே, யாருக்கு எடுக்க முடிந்தது என்று பிரித்ததிலேயே ஆயுள் எண் இரண்டு மடங்காகிவிட்டது! ஆள் தேர்வு ஒரு எண்ணை எவ்வளவு தூக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் ஒளி சிகிச்சையை ஆதரிப்பவர்கள் பக்கமும் வாதம் இருக்கிறது. 1997 ஆய்வு சின்னது. வெளிச்சம் வாங்கியவர்கள் 25 பேர், வாங்காதவர்கள் 23 பேர்தான். அதற்குப் பிறகு ஆபரேஷன் முறை மாறியிருக்கிறது, நுரையீரலைக் காப்பாற்றும் முறை வந்திருக்கிறது. ஃப்ரீட்பெர்க் குழுவின் முடிவுகளில் ஒரு புதிரும் உண்டு. 2017 ஆய்வில் நோய் திரும்பி வராமல் இருந்த காலத்தின் இடைநிலை 1.2 வருடம்தான், ஆயுளோ 3 வருடம். நோய் திரும்பி வந்த பிறகும் பலர் நீண்ட நாள் இருந்திருக்கிறார்கள். வெளிச்சம் உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புகிறதோ என்று அந்தக் குழு சந்தேகிக்கிறது. விலங்குகளில் நடந்த சோதனைகளில் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. இதெல்லாம் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனால் இதெல்லாம் இன்னொரு தடவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கான காரணம். ஒப்பிடாமலே நம்பிவிடுவதற்கான காரணம் இல்லை.

இதற்கு நடுவில் அடித்தளமே ஆடிவிட்டது. பிரிட்டனில் மார்ஸ் 2 என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 335 நோயாளிகள். பாதிப் பேருக்கு கீமோவும் உறையை உரித்து எடுக்கும் ஆபரேஷனும், பாதிப் பேருக்கு கீமோ மட்டும். 2024ல் முடிவு வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 19.3 மாதம். செய்யாதவர்களுக்கு 24.8 மாதம்! கடுமையான பக்க விளைவுகளும் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். அந்த ஆபரேஷன்கள் நடந்த விதத்தைப் பற்றி சில சர்ஜன்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். இருந்தாலும் ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சத்தை அழிக்கத்தான் வெளிச்சம் என்றால், ஆபரேஷனே லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டாமா?

யார் காசு போடுவது?

சரி, இன்னொரு பெரிய ஆய்வு செய்துவிட்டால் போயிற்று என்று சொல்வது சுலபம். அதற்கு யார் காசு போடுவது?

605 பேர் ஆய்வுக்கு காசு போட்டது அந்த மருந்தை விற்கும் கம்பெனி. ஜெயித்தால் பல வருடம் விற்கலாம். ஃபோட்டோஃப்ரின் 1990களின் மருந்து. நோயாளிகளோ அமெரிக்கா முழுக்கச் சேர்த்தாலும் வருடத்துக்கு சுமார் 3,000 பேர். அதில் ஆபரேஷன் தாங்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர். ஆபரேஷன், லேசர், ஒளி உணரி, பயிற்சி பெற்ற குழு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். மாத்திரை போல டப்பாவில் போட்டு விற்க முடியாது. எந்த முதலீட்டாளரும் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஆனால் இதே நோயைச் சுற்றி பணமே இல்லை என்று நினைத்தால் தப்பு. அமெரிக்காவில் மீசோதீலியோமா வந்தவர் கல்நார் கம்பெனிகள் மேல் வழக்குப் போடலாம். ஜான்ஸ் மான்வில் என்ற பெரிய கல்நார் கம்பெனி, வழக்குகளைத் தாங்க முடியாமல் 1982ல் திவால் மனு கொடுத்தது. 1988ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க தனி அறக்கட்டளை உருவானது. பின்னால் பல கம்பெனிகள் அதே வழியில் போயின. இதனால் ஒரு நோயாளி வக்கீல் நிறுவனத்துக்கு ரொம்ப மதிப்புள்ள வாடிக்கையாளர். இணைய விளம்பரத்தில் மிக அதிக விலைக்குப் போன வார்த்தைகளில் "மீசோதீலியோமா" ஒன்று என்பது விளம்பரத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

விளைவு? இந்த நோயைப் பற்றித் தேடினால் வருகிற தளங்களில் பல வக்கீல் நிறுவனங்களின் பணத்தில் நடப்பவை. அவற்றில் இருப்பதெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. நல்ல தகவலும் இருக்கிறது. ஆனால் ஆளை உள்ளே இழுப்பது நம்பிக்கையான தலைப்பு. "1997ல் வித்தியாசம் இல்லை" என்ற தலைப்புக்கு யார் வருவார்கள்? வழக்குப் போட காசு இருக்கிறது, விளம்பரம் செய்ய காசு இருக்கிறது. ஆய்வு செய்வதற்குத்தான் ஆள் இல்லை. அரசும், கல்நாரில் சம்பாதித்த கம்பெனிகளும், அந்த அறக்கட்டளைகளும் சேர்ந்து பணம் போட வேண்டிய இடம் இது. நோயை உண்டாக்கிய தொழில் அதன் மருந்தைத் தேடும் செலவை ஏற்பதில் என்ன அநியாயம்?

நோயாளி வீட்டில் என்ன கேட்கலாம்?

அப்படியானால் இந்த சிகிச்சையைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். ஆய்வின் ஒரு பகுதியாக, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு ஒருவர் சேர்ந்தால் அது அவருக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் இதையே "குணப்படுத்தும் ஒளி" என்று யாராவது காசுக்கு விற்றால், நாலு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு செய்தீர்கள்? அவர்கள் எந்த வகை, எந்த நிலை? வெளிச்சம் வாங்காத அதே மாதிரி நோயாளிகள் எத்தனை நாள் இருந்தார்கள்? ஆபரேஷன் இல்லாமல் மருந்து மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு பதில் வராவிட்டால் மற்ற பதில்களுக்கு பெரிய மதிப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெஞ்சில் கோத்த நீரை வடிப்பது, மறுபடியும் கோக்காமல் இருக்க இரண்டு உறைகளையும் டால்க் பவுடரால் ஒட்டவைப்பது, வலிக்கு சரியான மருந்து கொடுப்பது. இதெல்லாம் யாரும் தலைப்பு போடாத சிகிச்சைகள். ஆனால் இன்று ராத்திரி படுத்தால் மூச்சு வருமா என்று பயப்படுகிறவருக்கு இதுதான் பெரிய உதவி. அதிசயத்தைத் தேடி ஊர் ஊராக அலையும்போது இது கைநழுவிப் போகக் கூடாது.

கடைசியாக, கூரையைப் பற்றி

இதெல்லாம் அமெரிக்கா, பிரிட்டன் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. பிரிட்டன் 1999லும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005லும் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தன. இந்தியாவில் முழுத் தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியா ஒன்று. அது பெரும்பாலும் சிமெண்ட் கூரைத் தகடாகிறது. தமிழ்நாட்டில் மாட்டுக்கொட்டகை முதல் கோழிப்பண்ணை வரை, வாடகை வீட்டு மாடி முதல் பட்டறை வரை "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்" தெரியாதவர் உண்டா?

வெள்ளை வகை ஆபத்தில்லை என்று தொழில் நடத்துபவர்கள் வாதாடுகிறார்கள். எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்கிறது. உடையாமல் கூரையில் இருக்கும் தகட்டைப் பார்த்து பயப்படத் தேவையில்லை. அதை அறுக்கும்போது, துளை போடும்போது, உடைத்துக் கொட்டும்போதுதான் இழை பறக்கிறது. அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவர் கூலிக்கு வந்தவர். முகத்தில் ஒரு துண்டுகூட கட்டியிருக்க மாட்டார். கட்டினாலும் அந்த இழையைத் துண்டு தடுக்காது.

1995ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்நார் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருடம் பாதுகாக்க வேண்டும் என்றது. ஏன் 40? நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பதால். ஆனால் அந்தப் பதிவேடு ஃபாக்டரித் தொழிலாளிக்குத்தான். மாடியில் ஷீட் அறுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் கொத்தனாருக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

வெளிச்சம் ஒரு நாள் ஜெயிக்கலாம். சரியாக ஒப்பிட்டு, சரியான நோயாளிகளுக்கு, 36க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வைத்து ஜெயித்தால் எல்லோரும் கைதட்டலாம். அதுவரை அதை நல்ல யோசனை என்றே சொல்ல வேண்டும், குணம் என்று சொல்லக் கூடாது. அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை பக்கத்து வீட்டு மாடியில் ஷீட் அறுக்கும் சத்தம் கேட்டால், தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, மிஷின் போடாமல் கைரம்பத்தால் அறுக்கச் சொல்லலாம். குழந்தைகளை உள்ளே கூப்பிடலாம். புதுக் கூரை போடுகிறவரிடம் தகரமோ ஓடோ போடச் சொல்லலாம். 30 வருடம் கழித்து ஒருவருடைய மார்பைத் திறந்து வெளிச்சம் காட்டுவதைவிட இது ரொம்ப மலிவு.